கடதாசிப் பாவைகளும் பழங்கால உடைகளும்



சிறுமியர் வெட்டி விளையாடும் கடதாசிப் பாவைக்கும் வரலாற்றுக்கும் என்ன உறவு என்று உங்களுட் சிலர் வினவக்கூடும். உறவு உண்டு. ஆயின், அது நாம் முதலில் எண்ணுவதிலும் சற்றுச் சிக்கலானது. அதனைக் குறித்தே இன்று பேச விழைகின்றேன்.

கடதாசிப் பாவை இன்னதென்பதை முதலிற் கூறிவிடுகின்றேன். மெல்லிய மட்டையில் ஒரு பெண்ணின் உருவம் உள்ளாடையோடு அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்துத் தாள்களில் அவளுக்குரிய கவுண்கள், தொப்பிகள், மேலங்கிகள் முதலியன வண்ணத்தில் இருக்கும். அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, தோளிலும் இடையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு காதுகளைப் பின்புறமாக மடித்துவிட்டால், உடை பாவையின் மேல் தங்கிவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய பாவைகள் வரலாற்று உடைகளோடு புத்தக வடிவிலே வெளிவருகின்றன. ஒரு புத்தகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சீமாட்டி இருப்பாள். இன்னொன்றில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துப் பெண் இருப்பாள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தும் மனத்திற் பதியாத காலம், ஒரு மாலைப்பொழுது கத்தரிக்கோலோடு அமர்ந்த பிள்ளையின் மனத்திற் பதிந்துவிடுகின்றது. இஃது உண்மை, இதனைக் குறைத்துக் கூற வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாவையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முதுகுப்புறம் வெறும் வெள்ளை மட்டை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரான்சில் உயர்குலப் பெண்டிர் அணிந்த கவுணின் சிறப்பு முழுவதும் முதுகிலேதான் இருந்தது. கழுத்தின் பின்புறத்தில் தொடங்கும் அகன்ற கொசுவங்கள், இடையில் எங்கும் கட்டுண்ணாமல், தோளிலிருந்து தரைவரை ஒரே வீழ்ச்சியாக இறங்கும். அவள் நடந்து செல்லும்போது பின்னால் நிற்பவர் கண்ட காட்சி அது. கடதாசிப் பாவையில் அதற்கு இடமில்லை. இன்னும் சில வினாக்களுக்கும் அதனிடம் விடையில்லை. அந்தக் கவுண் எவ்விடத்தில் திறந்தது? தெறிகள் உண்டா? உண்மையில் அது முன்புறம் திறந்தது. பல வேளைகளில் தெறிகளால் அன்றி, மார்புப் பகுதியை மூடும் முக்கோணத் துணியோடு குண்டூசிகளாற் பொருத்தப்பட்டது. சட்டைப்பை எங்கே? பாவாடைக்குக் கீழே, இடுப்பில் நாடாவாற் கட்டப்பட்ட தனிப் பைகளாக இருந்தது; மேற்பாவாடையின் பக்கப் பிளவு வழியே கையை விட்டு எடுக்க வேண்டும். இவை ஒன்றும் படத்திற் தெரியா.

ஆகவே, உடையின் வரலாற்றைச் சிறு அளவிற் காட்டும் பொருள்கள் இரு வகையின. ஒன்று தட்டையான படப்பாவை. மற்றையது மெய்யாகவே துணி வெட்டித் தைத்து உடுத்தப்பட்ட பாவை. இவ்விரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து நோக்கினால், எது எதைச் சொல்கின்றது, எது எதை மறைக்கின்றது என்பது புலப்படும்.

காலத்தால் முந்தியது துணி உடுத்த பாவையே. நாகரிகப் படங்கள் அச்சில் மலிவாக வருவதற்கு முன், பாரிசு நகரின் தையற்கலைஞர் தம் புதிய உடைகளைச் சிறிய அளவிலே தைத்து, பாவைகளுக்கு உடுத்தி, பிற நாட்டு அரசவைகளுக்கு அனுப்பினர். 'பண்டோரா' என்பது அப்பாவைகளுக்கு வழங்கிய பெயர். மரீ அந்துவானெத் அரசிக்கு உடை தைத்த ரோஸ் பெர்த்தன் என்னும் அம்மையாரும் அவ்வாறு பாவைகளை அனுப்பியவரே. இவை குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்கள் அல்ல. துணியில் எழுதிய கடிதங்கள். பெற்றுக்கொண்ட ஊரின் தையற்காரர் பாவையைத் திருப்பிப் பார்க்கலாம்; பாவாடையைத் தூக்கி உள்ளே எத்தனை அடுக்கு என்று எண்ணலாம்; கைப்பகுதி தோளோடு எவ்விடத்திற் சேர்கின்றது என்று விரலாற் தடவி அறியலாம். எந்த ஓவியத்தாலும் இயலாத தொண்டு அது.

கடதாசிப் பாவை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதனைப் புகழ்பெறச் செய்தவர் இலண்டன் மாநகரின் எஸ். அன்ட் ஜே. புல்லர் என்னும் பதிப்பகத்தார். 1810ஆம் ஆண்டில் அவர்கள் 'சிறுமி பனியின் வரலாறு' என்னும் சிறு நூலை வெளியிட்டனர். கதையோடு கையால் வண்ணந்தீட்டிய உருவங்களும் உறையில் இருந்தன. இக்காலப் பாவை போன்று அதில் உடலை வைத்து உடையை மாற்றுவதில்லை. ஒவ்வோர் உடையும் உடலோடு சேர்ந்த தனி உருவமாக இருக்கும், பனியின் தலை மாத்திரம் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு இடம் மாறும். கதையோ எளியது. நல்ல வெள்ளை உடை அணிந்த செல்வச் சிறுமி, உடைப் பெருமையால் தாயின் சொல்லை மீறி வெளியே செல்கின்றாள். அவளுடைய உடைகள் பறிபோகின்றன. இரந்துண்ணும் நிலையை அடைகின்றாள். பின் சிறு தொழில்கள் செய்து, படிப்படியாக மீண்டு, நல்லுடையோடு வீடு சேர்கின்றாள்.

இக்கதையை வெறும் நீதிக்கதை என்று தள்ளிவிட என் மனம் ஒப்புவதில்லை. அக்காலத்தில் ஒருவர் யார் என்பதை உடையே சொல்லிற்று. உடை போனால் ஆளும் போய்விடுவார். அந்தச் செய்தியை, ஒரே தலையை ஏழையின் உடலிலும் செல்வரின் உடலிலும் செருகிக் காட்டிய அந்த விளையாட்டுப் பொருள் சொல்லியிருக்கின்றது. உருவாக்கியவர்கள் இத்துணை நினைத்துச் செய்தார்களோ, அறியேன்.

1812இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் புல்லர் பதிப்பின் வழியிலே ஒரு பாவைநூல் வெளிவந்தது. அந்நூற்றாண்டின் நடுவில் நியூயோர்க்கைச் சேர்ந்த மக்லோக்லின் சகோதரர் பாவைத்தாள்களைப் பெருந்தொகையாக அச்சிட்டு மலிவாக்கினர். 1859ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்னும் மாதர் சஞ்சிகை தன் பக்கத்திலேயே ஒரு கடதாசிப் பாவையை வெளியிட்டது. அதன்பின் நூறாண்டுக்குமேல் மாதர் சஞ்சிகைகளில் இவை இடையறாது வந்தன. தாய் கதை படிப்பாள், மகள் பின்பக்கத்தை வெட்டுவாள். தாய் படித்து முடிக்கும்வரை மகள் பொறுத்திருந்தாளோ என்பது வேறு விடயம். 1951இல் 'மக்கோல்ஸ்' சஞ்சிகையில் தோன்றிய பெற்சி மக்கோல் என்னும் பாவைச் சிறுமி இவ்வரிசையில் பெயர்பெற்றவள்.

இவை பெரும்பாலும் அவ்வக் காலத்து உடைகளைக் காட்டியவை. கடந்தகால உடைகளை முறையாக ஆராய்ந்து பாவைநூல் ஆக்குவதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர் அமெரிக்க ஓவியர் டொம் டியர்னி. 1976இல் வெளிவந்த அவரது முதல் நூல் 1930களின் திரைப்பட நடிகர் முப்பதுபேரைப் பாவைகளாக்கியது. தம் தாயாருக்குப் பரிசாக வரைந்த பாவைகளிலிருந்தே அது பிறந்தது. 2014இல் மறையும்வரை அவர் எண்ணற்ற பாவைநூல்களை வரைந்தார். அரச குடும்பங்கள், நாடுகள், நூற்றாண்டுகள் என்று அவர் தொடாத துறை குறைவு. வளர்ந்தோரும் அவற்றை வாங்கி, வெட்டாமலே பாதுகாத்து வைத்தனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வெவ்வேறு காலத்து உடைகளை ஒரே கடதாசி உடலுக்கு அணிவிக்கும்போது அந்த உடல் பொய் சொல்லத் தொடங்கிவிடுகின்றது. 1810ஆம் ஆண்டின் ஆங்கிலக் கவுணில் இடைக்கோடு மார்பின் கீழேயே இருந்தது. 1860இல் இடை தன் இடத்துக்கு இறங்கிற்று. பாவாடையோ எஃகு வளையங்களின்மேற் கூடாரம்போல் விரிந்தது. 1890களில் இறுகக் கட்டிய கச்சு உடலையே வேறு வடிவமாக்கிற்று. அதாவது உடை உடலைத் தொடரவில்லை; உடல் உள்ளாடையாற் பிசையப்பட்டு உடையைத் தொடர்ந்தது. ஆகவே நல்ல பாவைநூல் ஒவ்வொரு காலத்துக்கும் அக்காலத்து உள்ளாடை அணிந்த தனிப்பாவையைத் தரும். எல்லாக் காலத்துக்கும் ஒரே மெல்லிய உடலைத் தரும் நூலை யான் வரலாற்றுப் பாவைநூல் என்று கொள்வதில்லை. அது வண்ணப்படம், அவ்வளவே.

உள்ளாடை என்றதும், துணி உடுத்த பாவைகளிலே தலைசிறந்த இருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இலண்டனிலுள்ள விக்டோரியா அல்பேட் நூதனசாலையில், பழைய நாற்காலி வடிவிற் செய்த இரண்டு சிறு கதிரைகளில், இரண்டு மரப்பாவைகள் அமர்ந்திருக்கின்றன. கிளப்பம் பிரபு என்றும் கிளப்பம் சீமாட்டி என்றும் அவற்றுக்குப் பெயர். இரண்டடிக்குங் குறைந்த உயரம். 1690களில் ஆக்கப்பட்டவை. இலண்டனின் தென்பகுதியிலுள்ள கிளப்பம் என்னும் இடத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தாரிடம் வழிவழியாக இருந்து, 1974இல் நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன.

அந்தப் பாவைகளின் முகத்தைக் கண்டு மயங்குவோர் குறைவு. வட்ட முகம், சற்றே வியப்புற்ற கண்கள். அழகென்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றின் உடைகள் உடல்மேற் தைத்து ஒட்டப்பட்டவையல்ல. ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடியவை. சீமாட்டியின் மேற்கவுணின் கீழே பாவாடை, அதன்கீழே உட்பாவாடை, கச்சு, உடலோடு ஒட்டிய வெள்ளை உட்சட்டை, காலுறை, தலையில் உயர்ந்த சரிகைத் தலையணி. பிரபுவுக்கோ நீண்ட மேற்சட்டை, உட்சட்டை, காற்சட்டை, பொய்ம்மயிர், தொப்பி, வாள். இருவருக்கும் வெளியே செல்லும் உடையோடு வீட்டில் ஓய்வாக இருக்கும்போது அணியும் உடையும் உண்டு. பிரபுவின் வீட்டங்கி தளர்ந்த பட்டங்கி. அவ்வகை அங்கிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'பனியன்' என்பது. இந்திய வணிகரைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஐரோப்பியர் ஆக்கிக்கொண்ட பெயர் அது. நம்மவர் சட்டைக்குள் அணியும் பெனியனும் அந்தப் பெயரின் வழிவந்ததே. பிரபுவின் பட்டங்கி எங்கே, நம் பருத்திப் பெனியன் எங்கே!

இப்பாவைகளின் பெருமை செல்வச் செருக்கில் இல்லை. 1690களில் அணிந்த முழுவளவு உடைகள், அதிலும் உள்ளிருந்து வெளிவரை ஒருவருடைய முழுத்தொகுதி, நமக்குக் கிடைப்பது அரிதினும் அரிது. விலையுயர்ந்த மேலாடை பிரிக்கப்பட்டு மறுபடி வேறு உடையாகும். உட்சட்டை கிழிந்து கந்தலாகும். கந்தல் கடதாசி ஆலைக்குச் செல்லும். பெரியவர்களின் உடை தேய்ந்து மறைந்தது. பாவையின் உடை தேயவில்லை, ஏனெனில் அதனை அணிந்தவள் எங்கும் நடக்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகின்றேன். சீமாட்டியின் பொருள்களுள் சிறிய கறுப்பு முகமூடி ஒன்று உண்டு. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆங்கில உயர்குலப் பெண்டிர் பயணஞ் செய்யும்போது வெயிலால் நிறம் மாறாதிருக்க முகம் முழுவதையும் மூடும் கறுப்பு முகமூடி அணிந்தனர் என்பதைப் பழைய நூல்களும் படங்களும் கூறின. ஆனால் அந்தப் பொருளைக் கண்டோர் மிகச் சிலரே. 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டவென்றி என்னும் ஊருக்கு அருகே பழைய கட்டடமொன்றின் சுவருக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்த மெய்யான முகமூடி ஒன்று வெளிவந்தது. வெளியே கறுப்பு வெல்வெற்று, உள்ளே பட்டு, இடையில் அழுத்திய கடதாசி. வாய்ப்புறத்தில் நூலிற் கோத்த கறுப்புக் கண்ணாடி மணி ஒன்று. அம்மணியைப் பல்லாற் கடித்துப் பிடித்தால்தான் முகமூடி முகத்தில் நிற்கும். எனவே, முகமூடி அணிந்தவள் பேச இயலாது! இத்தகைய பொருள் உலகில் மறைந்துபோய்க் கிடந்த காலத்திலும், ஒரு பாவையின் உடைமைகளுக்குள் அதன் சிறு வடிவம் முந்நூறு ஆண்டுகளாக இருந்துவந்தது.

இனி, இத்தகைய உடைகளை இன்று சிறு அளவில் தைக்க விழைவோர் என்ன செய்கின்றனர் என்று நோக்குவோம். தையலுக்கு முதற்றேவை வெட்டுத்தாள். அதாவது துணியை வெட்டுவதற்கு முன் உடையின் ஒவ்வொரு பகுதியையும் கடதாசியில் வரைந்து வெட்டிக்கொள்ளும் மாதிரி. பழங்கால உடைகளுக்கு நம்பத்தக்க வெட்டுத்தாள்களை உலகுக்குத் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜனற் ஆர்னல்ட் என்னும் ஆங்கில அம்மையார். நூதனசாலைகளில் உள்ள மெய்யான உடைகளைத் தைப்பு தைப்பாக அளந்து, கட்டக் கடதாசியில் வரைந்து, 'பற்றேர்ன்ஸ் ஒவ் பாஷன்' என்னும் நூல்களாக வெளியிட்டார். முதல் நூல் 1964இல் வெளிவந்தது. 1660 முதல் 1860 வரையான பெண்டிர் உடைகளைப் பற்றியது. 1940வரை செல்லும் இரண்டாவது நூலும், 1560 முதல் 1620 வரையான காலத்துக்குரிய மூன்றாவது நூலும் பின்னர் வந்தன. அவருடைய வரைபடங்களில் துணியிற் போட்ட ஒட்டுகளும் காணப்படும். பட்டின் விலை மிகுதி, தையற்காரியின் கூலியோ குறைவு. அதனால் துணி போதாத இடத்தில் சிறு துண்டுகளை இணைத்துச் சமாளித்திருக்கின்றனர். அரண்மனைக்குச் சென்ற கவுணிலும் அக்குளில் ஒட்டு இருக்கும்.

அந்த நூல்களின் வரைபடம் மெய்யளவின் எட்டில் ஒரு பங்கு. ஐந்தடி நான்கங்குல உயரமுள்ள பெண்ணுக்கு அறுபத்துநான்கு அங்குலம்; அதன் எட்டில் ஒன்று எட்டு அங்குலம். ஆகவே நூலின் பக்கத்தை அப்படியே படியெடுத்து வெட்டினால், எட்டங்குலப் பாவைக்கு ஏறத்தாழ அளவான கவுண் கிடைத்துவிடும் என்று தோன்றும். யானும் அவ்வாறே எண்ணி ஒருமுறை முயன்றேன். கையில் இருந்தது நல்ல வெள்ளைப் பருத்தித் துணி. வெட்டினேன், தைத்தேன், பாவைக்கு உடுத்தினேன். பாவாடை கீழே விழவில்லை. கடையிற் கவிழ்த்து வைத்த கூம்புபோல் நான்குபுறமும் விறைத்து நின்றது. கைப்பகுதியின் உள்ளே தைப்புமடிப்பு நிறைந்து, பாவையின் கை நுழைய இடமில்லாமற் போயிற்று.

காரணம் எளியது. உடையின் அளவு சுருங்கிற்று. துணியின் தடிப்புச் சுருங்கவில்லை. ஒரு கைக்குட்டையின் முனையைப் பிடித்தால் அது நிமிர்ந்து நிற்கும். அதே நூலில் நெய்த சேலையின் தலைப்போ தன் பாரத்தால் தளர்ந்து விழும். நீளமும் அகலமும் எட்டிலொன்றாகும்போது பரப்பு அறுபத்துநான்கில் ஒன்றாகின்றது. துணியை இழுத்து வீழ்த்தும் பாரமும் அவ்வளவு குறைந்துவிடுகின்றது. அதன் விறைப்பு மட்டும் முன்போலவே இருக்கின்றது. அரை அங்குலத் தைப்புமடிப்பை எட்டிலொன்றாக்கினால் இழை பிரிந்துவிடும். ஆக்காவிட்டால் உடை தடித்துவிடும். எனவே பாவைக்கு உடை தைப்போர் துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்தியையும் மிக மெல்லிய பட்டையுமே நாடுகின்றனர். கொசுவங்களின் தொகையைக் குறைக்கின்றனர். மறையும் அடுக்குகளை ஒன்றாக்குகின்றனர். கண்ணுக்கு உண்மையாகத் தோன்றுவதற்காகக் கணக்கிற் சிறிது பொய் செய்ய வேண்டியிருக்கின்றது.

துணியில் அச்சிட்ட பூவுக்கும் இதே தொல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஒல்லாந்துப் பெண்டிர் விரும்பி அணிந்தது நம் அண்டைக்கரையாகிய சோழமண்டலக் கரையின் கையெழுத்துப் பருத்தி. சீத்தை என்று நாம் கூறுவது அதன் வழிவந்த பெயர். அவ்வுடையைப் பாவைக்குத் தைக்கும்போது மெய்யான சீத்தைத் துணியை இட்டால், ஒரே பூ பாவையின் மார்பு முழுவதையும் மூடிவிடும். பூவையும் சிறிதாக வரைய வேண்டும். பாவையின் உயரம் கூடக்கூட இத்தொல்லை குறையும். 1959இல் வந்த பார்பி பாவை பதினொன்றரை அங்குலம், ஆளுயரத்தின் ஆறிலொரு பங்கு. அதற்குத் தைப்பது எட்டிலொன்றிலும் எளிது. மூன்றிலொரு பங்கானால் தையற்காரர் தம் முழுத்திறமையையும் காட்டலாம்.

அந்த மூன்றிலொரு பங்குக்கு வரலாற்றிலே சிறந்த சான்று ஒன்று உண்டு. 1944 ஓகஸ்டில் பாரிசு நகரம் செர்மானியரிடமிருந்து விடுபட்டது. துணி இல்லை; தோல் இல்லை; நிலக்கரி இல்லாமையால் தையற்கூடங்களில் குளிர். அந்த நகரின் பெருந்தொழிலான உடைத்தொழில் இன்னும் உயிரோடிருக்கின்றது என்று உலகுக்கு எவ்வாறு அறிவிப்பது? ஆளுக்கு உடை தைக்கத் துணி இல்லையென்றால் பாவைக்குத் தைப்போம் என்று முடிவு செய்தனர். எலியான் பொனபெல் என்னும் இளம் ஓவியை வளைத்த கம்பியாலான உடலை வரைந்தார். கத்தலோனியச் சிற்பி யுவான் ரெபுல் சுதையால் தலைகள் செய்தார். இருநூற்றுக்கு மேற்பட்ட பாவைகளுக்குப் பாரிசின் பெயர்பெற்ற உடைக்கலைஞர் உடை தைத்தனர். தெறிகள் மெய்யாகவே பூட்டின, கைப்பைகள் திறந்தன, சப்பாத்துகளைச் சப்பாத்துத் தொழிலாளர் தைத்தனர், நகைகளைப் பொற்கொல்லர் செய்தனர். கவிஞர் ஜான் கொக்தோ போன்றோர் மேடைக்காட்சிகள் அமைத்தனர். 'உடை அரங்கு' எனப் பொருள்படும் பெயரோடு 1945 மார்ச்சு 28ஆம் நாள் லூவர் மாளிகையின் ஒரு பகுதியிற் காட்சி திறந்தது. வருவாய் போரில் நலிந்தோருக்குச் சென்றது. ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் வந்து கண்டனர்; அவர்களுட் பெரும்பாலோர் தம் சொந்த மேலங்கியில் ஒட்டுப் போட்டிருந்தோராதல் வேண்டும்.

காட்சி ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றுக்குச் சென்று, 1946இல் நியூயோர்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் அடைந்தது. நகைகள் பாரிசுக்குத் திரும்பின. பாவைகள் திரும்பவில்லை, ஒரு கடையின் நிலவறையிற் கிடந்தன. 1952இல் வொஷிங்டன் மாநிலத்தின் மேரிஹில் நூதனசாலை அவற்றைப் பெற்றுக்கொண்டது. 1980களின் இறுதியில் பாரிசுக்குக் கொண்டுசென்று செப்பனிட்டனர். பின்னர் மேரிஹில்லுக்கே மீண்டன. 1945இல் அவை அந்நாளைய புத்துடைகள். இன்று அவையே பழங்கால உடைகள்.

அதே உடைக்கலைஞர் நாற்பத்தொன்பது பாவைகளை மீண்டும் ஒருமுறை உடுத்தினர். இம்முறை பழங்காலத்தை வேண்டுமென்றே நாடி. போருக்குப் பின் 1947இல் அமெரிக்க மக்கள் பிரான்சுக்கு உணவும் பொருளும் தொடர்வண்டியிற் சேர்த்து அனுப்பினர். அதற்கு நன்றியாகப் பிரெஞ்சு மக்கள் நாற்பத்தொன்பது சரக்குப் பெட்டிகளில் பரிசுகளை நிரப்பி அனுப்பினர். கப்பல் 1949 பெப்ரவரியில் நியூயோர்க்கை அடைந்தது. அப்பரிசுகளுள் இப்பாவைகளும் இருந்தன. ஒவ்வோர் உடைக்கலைஞரும் 1715க்கும் 1906க்கும் இடையில் ஓர் ஆண்டைத் தெரிந்து, அக்காலத்து ஓவியங்களையும் நாகரிகப் படங்களையும் ஆராய்ந்து தைத்தனர். அவை முதலிற் புறூக்ளின் நூதனசாலையில் இருந்தன. 2009இல் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையின் உடைப்பகுதிக்கு மாறின. அவற்றின் படங்களைக் காணும்போது ஒன்று எனக்குத் தோன்றுவதுண்டு: 1949இன் பெண்ணழகு பற்றிய கருத்து, மெலிந்த இடையும் நீண்ட கழுத்துமாக, பதினெட்டாம் நூற்றாண்டுக் கவுணுக்குள்ளும் எட்டிப் பார்க்கின்றது. ஆராய்ந்து தைத்தாலும் தைப்பவரின் காலம் தைப்பிற் புகுந்துவிடுகின்றது.

இதுவரை நாம் பேசியவரெல்லாம் யாவர்? சீமாட்டி, பிரபு, அரசி, பாரிசு நாகரிகப் பெண். இவற்றைத் தைத்த பெண் எங்கே? தொட்டியில் துணி துவைத்தவள் எங்கே? வரலாற்றுப் பாவைகளின் பெருங்குறை இதுவே. இக்குறையைப் பாவை செய்வோரின் கவனமின்மை என்று மட்டும் சொல்லிவிடலாகாது. ஏழையின் உடை பெட்டியில் வைக்கப்படவில்லை. உடலிலேயே தேய்ந்து முடிந்தது. அளந்து வரைவதற்கு உடையே இல்லையென்றால் வெட்டுத்தாள் எங்கிருந்து வரும்?

1986இல் பிளசன்ற் கம்பனி என்னும் அமெரிக்க நிறுவனம், வெவ்வேறு காலத்துச் சிறுமியராகப் பதினெட்டங்குலப் பாவைகளைக் கதைநூல்களோடு விற்கத் தொடங்கிற்று. அவற்றின் உடைகளை வீட்டிலே தைப்பதற்கு வெட்டுத்தாள்களையும் வெளியிட்டது. 1993இல் அவ்வரிசையில் அடி என்னும் கறுப்பினச் சிறுமி வந்தாள். 1864இல் அடிமைத்தளையிலிருந்து தாயோடு தப்பி ஓடுபவள் அவள்; கதையில் ஓடும்போது அணிந்திருப்பது ஆண்பிள்ளையின் உடை. அவ்வரிசையின் முதற் கறுப்புப் பாவை அடிமைச் சிறுமியாக இருக்க வேண்டுமா என்று பலர் வினவினர், அவ்வினா நியாயமானதே. எனினும் பட்டும் சரிகையும் இல்லாத ஒருத்தியின் உடையைத் தைப்பதற்குச் சிறுமியர் பலர் அன்றுதான் ஊசி எடுத்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் எளிய ஆங்கிலப் பெண் என்ன துணி அணிந்தாள் என்று அறிய விழையும் பாவைத் தையற்காரர் இன்று செல்லுமிடம் நூதனசாலையின் கண்ணாடிப் பேழை அன்று. இலண்டனில் தோமஸ் கோறம் என்பவரின் முயற்சியால் அமைந்து, 1741இல் முதற் குழந்தைகளை ஏற்ற கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்தின் பதிவேடுகளுக்கே அவர்கள் செல்கின்றனர். வளர்க்க வழியற்ற தாயர் தம் பெயரைக் கூறாமலே பிள்ளையை அங்கு விட்டுச் சென்றனர். பின்னொரு நாள் மீட்க வந்தால் எந்தப் பிள்ளை என்று அறிவதற்காக, ஒவ்வொரு பதிவுத்தாளோடும் பெரும்பாலும் ஒரு சிறு துணித்துண்டை வைத்தனர். தாய் தந்ததாகவோ பிள்ளையின் உடையிலிருந்து வெட்டியதாகவோ அது இருக்கும். 1741க்கும் 1760க்கும் இடையிற் சேர்ந்த பிள்ளைகள் 16,282. எஞ்சியுள்ள துணித்துண்டுகள் ஏறத்தாழ ஐயாயிரம். அக்காலத்து எளியோர் அணிந்த துணிகளின் தொகுதி பிரித்தானியாவில் இதனிலும் பெரிது வேறில்லை. பூ அச்சிட்ட பருத்தி, கோடிட்ட சணற்றுணி, நாடா, கம்பளி. வண்ணம் மங்காமல், தாள்களுக்குள் வெளிச்சம் படாமல் இருந்தன. ஒவ்வொரு துண்டும் சில அங்குலமே. ஒரு பாவையின் மேற்சட்டைக்குப் போதும் போதாததுமான அளவு.

அந்தப் பதினாறாயிரத்து இருநூற்றெண்பத்திரண்டு பிள்ளைகளுள் தாய் மீட்டுச் சென்றவர் 152 பேர்.

சில ஆண்டுகள் கழித்து, 1767ஆம் ஆண்டு பெப்ரவரியில், சார்ள்ஸ் என்னும் ஆண்குழந்தையோடு வந்த அடையாளம் இன்னும் இருக்கின்றது. வெவ்வேறு பூத்துணித் துண்டுகளை ஒட்டித் தைத்த சிறு துணி. அதன்மேல் சிவப்பு நூலால் ஓர் இதயம் தைக்கப்பட்டிருந்தது. அதனை நடுவில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தாய் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு இல்லத்தார் வேறு பெயரிட்டனர். எட்டாண்டுகளின் பின், 1775 சூனில், சாரா பெண்டர் என்னும் அத்தாய் வந்து தன் மகனை அழைத்துச் சென்றாள்.